ஏழாம் இலக்க மண்வெட்டி

இடது பாதத்தில் மூன்று கொப்புளம்.
பெருவிரல் அடியில் ஒன்று, குதியில் இரண்டு.
கோயில் கணக்கு எழுதும் ஆள் நான்,
எண்ணிக்கை பிழைக்காது.

பதினெட்டு வருடம் தீ மிதித்தவன்.
பூப்போல இருக்கும் என்று
பந்தலில் நின்று சொன்னவனும் நான்தான்.
சுட்டால் உன்னில்தான் குற்றம்,
அம்மனில் இல்லை என்று.

கோட்டைக்கல்லாற்றில் எல்லோருக்கும் தெரியும்,
வண்ணக்கர் இப்போது
வீட்டுக்குள்ளும் மேசு போடுகிறார்.

இரவில் விரதத்தைத் திருப்பிக் கணக்குப் பார்க்கிறேன்.
கல்முனைக் கடையில் குடித்த பிளேன்ரீ,
அந்தக் கோப்பையில் முதல்நாள்
முட்டைக்கோப்பி ஊற்றியிருப்பார்களோ.
செத்தவீட்டு வாசலால் சைக்கிள் போனதோ.
கனவில் ஏதும்?
ஒன்றும் இல்லை. வரவும் செலவும்
சதம் பிசகாமல் சரி.
சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.
அம்மன் இருக்கிறாளா என்று கேட்கவில்லை.
நான் சொல்லிக்கொண்டிருந்த அம்மன்
இருக்கிறாளா என்றுதான்.

போன வருடப் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று.
நேசமலர். காரணம்: தீட்டு.
என் கையெழுத்து. வடிவான கையெழுத்து.
கட்டாரிலிருந்து போன் வராத புருசனுக்காகக்
குழியில் இறங்கியவள்
நடுவில் ஒருதரம் நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.
அடுத்தமுறை பெயர் தராதே என்றேன்.
அவள் காலை நான் பார்க்கவில்லை.
பார்ப்பது என் வேலையில் இருக்கவில்லை.

ஐப்பசிக் கடைசி. ஐந்து நாள் மழை.
கொப்புளம் உடைந்து புண்ணாகி
இன்னும் ஆறவில்லை.
வாவி படியேறி அடுப்படிக்கு வந்துவிட்டது.
படுவான்கரையில் வயல் தெரியவில்லையாம்,
எவன் வரம்பு எவனது என்ற சண்டையும் இல்லையாம்.
கடலுக்கும் வாவிக்கும் நடுவே
ஒரு மணல் திட்டு மட்டும்
அசையாமல் கிடந்தது, என்னைப்போல.

"வண்ணக்கர், நேரம் பார்த்துச் சொல்லுங்கோ,
எப்ப வெட்டுவம்?"
பஞ்சாங்கம் பைக்குள் நனைந்து
ராகுகாலமும் அமிர்தயோகமும்
ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.
எனக்குத் தெரியாது என்றேன்.
ஐம்பத்தேழு வயதில்
முதல்தரம் அந்தச் சொல் வெளியே வந்தது.
யாரும் செத்துப்போகவில்லை.
சீனித்தம்பியின் மகன் மூக்கைச் சிந்திவிட்டு
வெட்டத் தொடங்கினான்.

மேசு இரண்டையும் கழற்றி இறங்கினேன்.
சவர்த்தண்ணி பட்டது, உச்சிவரை எரிந்தது.
அந்தப் பக்கம் உரப்பையில் மண் அள்ளிக்கொண்டிருந்தவள்
நிமிர்ந்தாள். நேசமலர்.
என் காலைப் பார்த்தாள், கனநேரம்.
ஏச்சுக்குக் காத்திருந்தேன்,
ஏச்சு எனக்குத் தெரிந்த கணக்கு.
"கத்தாழை வச்சியளோ?" என்றாள்.
பிறகு குனிந்துகொண்டாள்.

ஒரு முழ அகலம்.
வாய்க்கால் என்றுகூடச் சொல்லமுடியாது.
முதலில் தண்ணி போகவே இல்லை,
யோசிப்பதுபோல் நின்று சுழன்றது.
மறுகா எங்களைக் கேட்காமல் போனது.
இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாய் விழ,
ஆற்றுவாழை, ஒற்றைச் செருப்பு,
யாரோ வீட்டு எண்ணெய்ப் போத்தல்
எல்லாம் ஒரே திசையில்.
என் மண்வெட்டி அடியில் எங்கோ மாட்டி இழுத்தது.
நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கோயில் சாமான். ஏழாம் இலக்கம்.
பிடியில் சிவப்புப் பெயின்ரால் நானே எழுதியது.
காலடி மண் கரைகிறது,
கரையில் எல்லோரும் கத்துகிறார்கள்,
விடுங்கோ வண்ணக்கர், விடுங்கோ!

விட்டேன்.

கும்பிட்டேனா என்று தெரியாது.
கை இரண்டும் வெறுமையாக முன்னால் இருந்தன,
பார்த்தவர்கள் கும்பிட்டதாகத்தான் சொல்கிறார்கள்.

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
மண்வெட்டி ஒன்று. இருக்கும் இடம்: கடல்.
மறுகா பக்கம் நாற்பத்தொன்று.
தீட்டு என்ற சொல்லை அழிறப்பரால் தேய்த்தேன்.
மை போகவில்லை, தாள் ஓட்டையானது.
கீழ்த்தாளில் இந்த வருடப் பட்டியல்.
ஓட்டைக்குள்ளால் தெரிந்தது
என் பெயரில் ஓர் எழுத்து.